காய்ச்சிய பால் பட்ட பாதி

1978 ஆகஸ்ட் 9, புதன். சிறு தவறு: பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எடுத்துப் போய்விட்டேன்.

சோதனை நோட்டில் இப்படி எழுதியதும் அங்கமுத்து ‘சிறு’ என்பதை அடித்தான்.

பகலில் அவனுக்கு ராசிபுரம் நெய் மண்டியில் வேலை. மாலையில் சேலத்தில் கல்லூரி வகுப்பு. பப்பாளிக்காயில் வடியும் பால் எந்தெந்தப் புரதத்தை அறுக்கும் என்பது அன்றைய சோதனை. மாட்டுப்பாலை அது திரித்தது. அவித்த முட்டை வெள்ளையை அரித்தது. தலைமுடியை ஒன்றும் செய்யவில்லை. மிச்சம், போட்டோ பிலிமில் பூசியிருக்கும் ஜெலட்டின். அதற்காக வீணான பிலிம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் ஒரே கவருக்குள் இரண்டு இருந்தன. ஒன்று, எடுக்கும்போது கேமரா ஆடிப்போய் வீணானது. மற்றது, போன வருஷம் மஞ்சள்காமாலையில் இறந்த தங்கை கமலவேணியின் ஒரே படம். அச்சுப் போட்டிருந்ததை அவளோடு குழியில் வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டான்.

“எதைத் திங்கும்னு இத்தனை நோட்டு எதுக்கப்பா? கெடா வெட்டற ஊட்டுல கேளு, பப்பாளிக்காயப் போட்டா கறி எப்படி வேகுதுன்னு சொல்லுவாங்க” என்று பக்கத்து மேசைச் சின்னான் சீண்டினான்.

அங்கமுத்து முறை தவறவில்லை. பிலிமின் மேல்பாதியில் பச்சைப் பப்பாளிப் பாலைத் தடவினான். ஒப்பிட்டுப் பார்க்க, கீழ்ப்பாதியில் கொதிக்கவைத்து ஆறவைத்த அதே பப்பாளிப் பால். கொதித்தால் அதன் வேகம் செத்துவிடும். அரைமணி கழித்துக் கழுவியபோது மேல்பாதியின் கருமை சளிபோல் வழுக்கித் தொட்டிக்குள் போயிற்று.

“பலிச்சிருச்சுடா!” என்று டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தான். தெளிந்த பாதிக்குக் கீழே ஒரு பாவாடைக் கரை, செருப்பில்லாத இரண்டு சிறு கால்கள்.

வீட்டில் அம்மா செல்லியம்மாள் சோறு போட்டபடியே கேட்டாள்.

“கமலா படத்தைப் பெருசு பண்ணக் குடுத்துட்டியா, சாமி? ஞாயித்துக்கெழம தெவசம்.”

“குடுக்கோணும்மா.”

“மொகம் நல்லாத் தெரியறாப்ல போடச் சொல்லு. எனக்கு மறந்துக்கிட்டே வருது.”

தட்டைக் கழுவி வைத்தான். நோட்டில் முடிவை எழுதினான்: ஜெலட்டின், அறுக்கிறது. காய்ச்சிய பால், அறுக்கவில்லை. சோதனை சரி. அந்தக் கடைசி வரி சரிதானா என்று வெகுநேரம் பார்த்தபடி இருந்தான். பிறகு அடியில் எழுதினான்.

நாளை: விடிந்ததும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகுமுன் மீதிப் பாதியை ஸ்டூடியோவில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.