எச்சில் மரியாதை

...என்னோடது என்று சொல்லியிருக்கிறான், வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான் விக், நேற்று லெஸ்டரில் அந்த மதுக்கடையின் பின்னறையில், ரெக்கார்டு கம்பெனிக்காரன் வாங்கிக்கொடுத்த பியரைக் குடித்துக்கொண்டே, 'உடைஞ்ச பிஸ்கெட்' பாட்டு யாருடையது என்று அவன் கேட்க, என்னோடது என்று... இதை ட்ரெவ் இப்போதுதான் சொல்கிறான், வேனை ஓட்டிக்கொண்டே, மழை எப்போது விடும் என்று பேசுவதைப் போல. க்ளெண்டா முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பின்னால் டிரம்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு பழைய மெத்தையில் விக் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். நீயும் அங்கதான இருந்த, நீ என்னடா சொன்ன, என்று கேட்டாள். நான் என்னத்தச் சொல்ல, நான் டிரம் அடிக்கிறவன், என்றான் ட்ரெவ். டிரம் அடிக்கிறவனுக்கு வாய் இல்லையா? காது இருந்ததல்லவா, கேட்டாய் அல்லவா, பியர் இறங்கியதல்லவா தொண்டையில்? உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு, என்று முனகிவிட்டு அவன் கண்ணாடியைத் துடைக்கும் ரப்பர் துண்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அது ஒரு பக்கம் மட்டும்தான் துடைக்கும். இந்த வேனில் ஒழுங்காக வேலை செய்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது, மனிதர்களையும் சேர்த்து.

அந்தப் பாட்டு அவள் வயிற்றிலிருந்து வந்தது, அதை யாருக்கு எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தை விட்ட வருஷமே கார்லைல் பக்கத்து பிஸ்கெட் ஆலையில் நின்றவள் அவள், ஓடுகிற பெல்ட்டின் முன்னால், தலையில் வலைத்தொப்பியோடு, உடைந்ததைப் பொறுக்கி வாளியில் போடுவதுதான் வேலை, வெள்ளிக்கிழமை அந்த உடைசலை ஆளுக்கொரு பை கொடுப்பார்கள், அதுதான் வீட்டில் எல்லோருக்கும், முழு பிஸ்கெட்டை அம்மா விருந்தாளிக்குக்கூட வைத்ததில்லை. பெல்ட் ஒரு மாதிரி இடிக்கும், மூன்று இடி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று... தூக்கத்திலும் இடிக்கும். பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்த முதல் வாரமே விரல் அதைத்தான் வாசித்தது, வேறு எதுவும் அதற்குத் தெரியவில்லை. விக்குக்கு என்ன தெரியும் பெல்ட்டைப் பற்றி? விக் வாமிட்டாம், மேடைக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பார், வாந்தியாம்! ஜூலியன் என்று பெற்றவர்கள் வைத்த பெயர், சர்ரேயில் பல் டாக்டர் வீடு, வாசலில் இரண்டு கார், பிள்ளை பல் துலக்குவதை மட்டும் கைவிட்டு ஏழையாகிவிட்டான். உடைந்த பிஸ்கெட்டை அவன் முதன்முதலில் பார்த்ததே அவள் பையில்தான். இதெல்லாம் விப்பாங்களா என்று கேட்டானே, அந்தக் கேள்வியையே பாட்டில் சேர்த்துக்கொண்டோம், நான்தான் சேர்த்தேன், அதுவும் என் புத்திதான்... மூஞ்சியைப் பார், தூங்கும்போதுகூட யாரோ படம் எடுக்கிற மாதிரி.

சரி, எழுப்பிக் கேட்டால் என்ன? என் பாட்டுடா அது என்று சட்டையைப் பிடித்தால் என்ன? அங்கேதான் தொண்டையில் முள். கோல்ட் ட்ரைப் என்று, ஆறிப்போன குடல்கறியின் பெயரை வைத்து இந்தப் பாட்டுக் கூட்டத்தை ஆரம்பித்த அன்று, டெட்ஃபோர்டில் ஆளில்லாத வீட்டுக்குள் பூட்டை உடைத்துப் புகுந்து குடியிருந்தபோது, மூன்று பேருமாகப் பேசி வைத்த சட்டம் அது: யாரும் எதையும் என்னோடது என்று சொல்லக் கூடாது. பாட்டு கூட்டத்தினுடையது, ரெக்கார்டு வந்தால் அதில் ஒருவர் பெயரும் இருக்காது. என்னோடது என்னோடது என்பவர்கள் அந்தப் பழைய நீளமுடிப் பாட்டுக்காரர்கள், ஒரு பாட்டுக்கு அரை மணிநேரம் கிட்டாரைத் தடவிவிட்டு அரண்மனை மாதிரி வீடு வாங்கி மீன் வளர்க்கிறவர்கள், அவர்களை ஒழிக்கத்தானே வந்தோம்? முதலில் கை தூக்கியவள் யார்? இவள்தான், இந்த முட்டாள்தான். இப்போது வாயைத் திறந்தால், ஓ, மகாராணிக்குப் பெயர் வேணுமாம் என்பான் விக், ட்ரெவ் சிரிப்பான். திருடியவன் சட்டத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான், பறிகொடுத்தவள் சட்டத்தை மீறியவள் ஆவாள். இன்றைக்கு ராத்திரி ஹாலிஃபாக்ஸ் கச்சேரிக்குக் கம்பெனிக்காரன் ஒப்பந்தக் காகிதத்தோடு வருகிறானாம், பாட்டு விக் பெயரில் கையெழுத்தானால் முடிந்தது, அதற்குப் பிறகு அந்த மூன்று இடியும் சர்ரேக்குப் போய்விடும்.

சாலையோர உணவகத்தில் வேனை நிறுத்தினான் ட்ரெவ். அவன் பன்றிக்கறி ரொட்டி வாங்கப் போனதும் விக் எழுந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இடது கண் பழுத்துச் சிவந்து, இமையோரம் பீளை கட்டியிருந்தது. பாட்டுக் கேட்க வருகிறவர்களின் எச்சில் செய்த வேலை. வேறு எந்தச் சனத்திலும் காறித் துப்பினால் வெட்டுக்குத்து நடக்கும், இந்தப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அதுதான் கைதட்டல், எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு துப்புவார்கள், முன்வரிசைக்காரன் ஒருவன் லெஸ்டரில் அரை மணிநேரம் இருமி இருமிச் சேர்த்து வைத்துத் துப்பினான், விக் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான், கூரை பிய்ந்து போகிற சத்தம். யாரும் துப்பாவிட்டால் அன்றைக்கு விக் சாப்பிட மாட்டான். வா, மருந்து போடு, என்று இப்போது மெத்தையிலேயே அண்ணாந்து படுத்தான். இதுவும் அவள் வேலைதான், பார்த்தாலே குமட்டுகிறது என்று ட்ரெவ் கழன்றுகொண்டான். விரலால் இமையைப் பிரித்துப் பிடித்தாள். எவ்வளவு மெல்லிய தோல் இது, நகம் கொஞ்சம் நழுவினால் போதும்... சீ. கம்பெனிக்காரன் நேத்து என்ன கேட்டான், என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. ஒண்ணுமில்ல, கிறுக்குப்பய, என் முடிக்கு என்ன சாயம்னு கேட்டான், என்றான். பாட்டப் பத்திக் கேக்கலியா? பாட்டா, அவனுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும், ஆ, மெதுவாடி! சொட்டு கன்னத்தில் வழிந்தது. கண்ணை அவள் விரலுக்கு நடுவில் கொடுத்துவிட்டு ஒருவனால் இப்படிக் கூசாமல் பொய் சொல்ல முடிகிறதே. உன்னத் தவிர எவ இதெல்லாம் செய்வா, என்று வேறு சொன்னான், அதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பெல்ட்டின் முன்னால் நின்றவளைப் பார்த்து, உனக்குள்ள சத்தம் இருக்குடி, வெளிய வான்னு முதலில் சொன்னவனும் இவன்தானே, வேறு எந்த நாய் சொன்னது? அதற்காக? அதற்காக வாழ்நாள் முழுக்கக் கப்பம் கட்டணுமா?

ஹாலிஃபாக்ஸில் பழைய நடனக்கூடம், பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சகிக்காது, தரையில் போன வாரத்துப் பியர் காய்ந்து ஒட்டியது. கூட்டம் வர இன்னும் நேரமிருந்தது, கம்பெனிக்காரனும் வரவில்லை, மைக்செட்காரர் மட்டும் கூடத்தின் கடைசியில் தன் குமிழ்ப் பலகைக்குப் பின்னால் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டு போடுங்க பசங்களா, சத்தம் பாத்துக்கறேன், என்றார். உடைஞ்ச பிஸ்கெட், என்றான் விக் உடனே. அது பேஸில்தான் ஆரம்பிக்கும், அவள்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தாள், மூன்று இடி, இடைவெளி. விக் மைக்கைக் கடித்துக்கொண்டு பாடினான், பாடினான் என்ன, தன் வீட்டுச் சொத்தை எண்ணுகிறவன் போல, எங்கம்மா பை, எங்கம்மா பை என்று நெஞ்சில் தட்டிக்கொண்டான், யாருடா உங்கம்மா, வெள்ளிக் கிண்ணத்தில் பழம் வைக்கிறவளா? வாய்க்குள் எச்சில் ஊறியது. யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள், மூன்று எட்டு முன்னால் வைத்து, தொண்டையின் அடியிலிருந்து காறி, அவன் முகத்தில் துப்பினாள். கார்லைலில் அவள் தெருவில் துப்புகிற துப்பல் அது, அதற்குமேல் ஒருத்தி ஒருத்தனிடம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு நின்றது. விக் புறங்கையால் துடைத்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்படிப் போடு! இன்னிக்குத்தான்டி உனக்கு உசுரே வந்திருக்கு, என்று சந்தோஷமாகத் திருப்பித் துப்பினான், அது அவள் பேஸ் கிட்டாரின் மேல் விழுந்தது. ட்ரெவ் டிரம்மை ஓர் உருட்டு உருட்டி விசிலடித்தான். அவளுக்கு அழுகை வந்தது. மனிதனை அவமானப்படுத்த இருந்த ஒரே வழியையும் இந்தப் பாவிகள் மரியாதையாக மாற்றி வைத்துவிட்டார்களே, இனி நான் எதால் சொல்வது?

வார்த்தையால்தான். சட்டமாவது மண்ணாவது. அவள் தன் பக்கத்து மைக்கிடம் போனாள், அதில் அவள் கத்தியிருக்கிறாளே ஒழிய ஒருநாளும் பேசியதில்லை. இது என் பாட்டு, என்றாள். குரல் கூடம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது, சின்னப்பெண் குரல் போல இருந்தது. சரியா கேக்கல கண்ணு, இன்னொரு தடவ சொல்லு, என்றார் மைக்செட்காரர், ஏதோ குமிழைத் திருகியபடி. இது என் பாட்டு. நான் போட்ட பாட்டு. ஆங், இப்ப தெளிவா இருக்கு, போதும், அடுத்தது டிரம், என்றார் அவர். ட்ரெவ் தலையைக் குனிந்துகொண்டான். விக் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று தன் கிட்டாரில் ஒரு கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான், இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான், அது ஏற்கெனவே சரியாக இருந்த கம்பி, அவள் காதுக்குத் தெரியாதா? அப்படியானால் கேட்டிருக்கிறது. மைக்கைச் சரிபார்க்கிறாள் என்று அவன் நினைக்கவில்லை. அப்படியானால் சற்று முன்னால், அவள் துப்பியது எதற்கென்றும் அவனுக்குத் தெரியுமா? அந்தச் சிரிப்பு... உடனே வந்ததா, இல்லை, துடைத்த கை முகத்திலேயே கொஞ்சம் நின்று, அதற்குப் பிறகு வந்ததா? நினைவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஒரு தடவை உடனே வந்தது, ஒரு தடவை தாமதித்து வந்தது. முதலிலிருந்து போங்க, என்றார் மைக்செட்காரர். ட்ரெவ் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினான். பாட்டு அவள் விரலில்தான் ஆரம்பிக்க வேண்டும், விரல் கம்பியின் மேலேயே இருந்தது, அவள் வாசிக்கவில்லை. ட்ரெவ் மறுபடி எண்ணினான். கூடத்தில் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் மட்டும் கேட்டது. விக் திரும்பவில்லை, ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்கவும் இல்லை.