மருந்துக்கடை இருந்த இடம்

குழாய் பதிக்கிறோம் என்று நகராட்சிக்காரர்கள் தெருவைக் கிழித்துப் போட்ட நாளிலிருந்து நூபியாவின் வாசலில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை தவறாமல் சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, வாழையிலையில் கட்டி, நாக்கத்தமால் அவிப்பாள். இன்றும் இரண்டு அண்டா. விற்காவிட்டால் மனாகுவா நகரத்து வெக்கைக்கு ஊசிப்போகும். போன வாரம் பாதி நாய்க்குத்தான் போயிற்று. இந்த வாரமும் அப்படியென்றால் அடுத்த வாரம் கறி வாங்க வழியில்லை, கடையை மூட வேண்டியதுதான்.

அதனால்தான் மகள் யஹோஸ்கா காலையில் கைபேசியை எடுத்து, ஊர் உலகத்துத் தெருவையெல்லாம் படமாக வைத்திருக்கிற அந்தப் பெரிய கம்பெனியின் வரைபடத்தில் கடையை ஏற்றிவிட்டாள்.

கொத்து வேலை முடிந்து வந்த நூபியாவின் புருஷன் எவெனோர் அதைக் கேட்டதும், சிமெண்டுக் கையோடு கத்தினான்.

“அவன்கிட்டயா வீட்டக் காட்டிக் குடுத்த? வாளி வாங்கணும்னு வாயத் தொறந்தா வாளி விளம்பரம் காட்டுறாண்டி அவன்! நம்மள வித்துத் திங்கிற பய.”

“யோவ், தரைக்கு ஓடு ஒட்ட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவன் வீடியோதான?” என்றாள் நூபியா. “இல்லாட்டி இன்னும் கல்லு சொமந்துக்கிட்டு இருப்ப.”

அது உண்மைதான். எவெனோர் கை கழுவப் போனான்.

பக்கத்து வீட்டு டாக்சிக்காரன் ரோஹர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னான்: “எனக்குச் சோறு போடுறதே அவன்தான் மாப்ள. ஆனா நான் பொறந்த ஊர்ல எனக்கே வழி சொல்றான் பாரு, அப்பதான் பத்திக்கிட்டு வருது.”

வெயில் சாயும்போது கைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

“மருந்துக்கடை வாசல்ல நிக்கிறோம். அண்டாவையும் காணோம், ஆளையும் காணோம். வெளையாடுறீங்களா?”

வைப்பதற்குள் இன்னொருவர், அதே கேள்வியோடு.

யஹோஸ்கா எல்லோரும் சொல்கிற மாதிரிதான் முகவரி எழுதியிருந்தாள்: சான் காயேத்தானோ மருந்துக்கடை இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு. அந்தக் கடை நெடுஞ்சாலைக்கு மாறி வருஷக்கணக்காகிறது. பேட்டைக்காரர்கள் இன்னமும் பழைய இடத்திலிருந்துதான் எண்ணுவார்கள். கம்பெனிக்கு இருந்தது தெரியாது, இருக்கிறதுதான் தெரியும். நூபியாவின் கடையையும் தூக்கி நெடுஞ்சாலையில் வைத்துவிட்டது.

ரோஹர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எவெனோருக்கு ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று நாக்கு நுனி வரை வந்தது. நூபியாவின் முகத்தைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான்.

“எந்திரிடா, வண்டிய எடு.”

“கறி வாடை ஒரு மாசத்துக்குப் போகாதுடா!”

“உனக்கு ரெண்டு தரேன், எந்திரி.”

தெருமுனையில் நின்ற டாக்சியில் ஓர் அண்டாவை ஏற்றிக்கொண்டு போனால், மருந்துக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எவெனோருக்கு வியாபாரம் தெரியாது. சாரத்தில் நின்று கலவை கேட்கிற குரலில், “நாக்கத்தமால்! சூடு! வாங்க!” என்று ஒரு சத்தம் போட்டான். மாத்திரை வாங்க வந்தவர்களும் திரும்பினார்கள். கடைக் காவலாளியும் ஒன்று கேட்டு வாங்கினான். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களும் சாலையைக் கடந்து வந்தார்கள். முதல் அண்டா காலியானதும் ரோஹர் முனகிக்கொண்டே இரண்டாவதை எடுத்துவரப் போனான்.

இருட்டும் நேரத்தில் வெறும் அண்டாக்கள் வீடு திரும்பின. நூபியா ஒவ்வொன்றாய் மூடியைத் திறந்து பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள்.

“அப்பா, முகவரிய இப்பவே திருத்திடறேன்,” என்றாள் யஹோஸ்கா.

“கைய வச்ச, தெரியும் சேதி! தெருக் குழிய மூடுற வரைக்கும் நம்ம கடை அங்கயே இருக்கட்டும்.”

“அப்ப கம்பெனிக்காரன் நல்லவனாயிட்டானா?” என்று கிண்டினாள் நூபியா.

“திருட்டுப்பயதான். ஆனா தப்ப நல்ல எடமாப் பாத்துப் பண்ணியிருக்கான்.”

இலை கிழிந்ததென்று விற்காமல் ஒதுக்கியிருந்த ஒன்றை அவள் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

“அடுத்த சனிக்கிழமை மூணு அண்டா போடப்போறேன். நீதான் தூக்கணும்.”

வாய் நிறைய இருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. மறுக்கும் எண்ணமும் இல்லை.