அப்பாவின் வயலினுக்கு மூன்று கோட்டிங்

வயலின் ரத்தினவேல் என்றால் டெல்லி வரைக்கும் தெரியும். சொந்த மகன் திருமலைக்குத்தான் சரியாகத் தெரியாது. வருஷத்தில் பாதி நாள் கச்சேரி. மீதி நாள் பாகலூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம். அந்த வயலினை மகன் தொட்டதில்லை, தொட விட்டால்தானே! ஐ.டி.ஐ. படித்து, ஓசூரில் ஒரு பைக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்தான். அதிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு குறைந்தது. போன தையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

முதல் வருஷ நினைவுக் கச்சேரியில் அவருடைய சிஷ்யை ஜெயப்ரியா அதே வயலினில் வாசிப்பதாக ஏற்பாடு. திருமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனுக்கு ஒன்றும் செய்யவில்லை, இதையாவது செய்வோம் என்று பெட்டியைத் திறந்தான். பலகை முழுக்கக் கீறல், அழுக்கு. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தந்திகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பைக் டேங்குக்கு அடிக்கிற கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சை மூன்று தடவை அடித்தான். அவனுக்குத் தெரிந்த வித்தை அதுதானே! பாவி, எவ்வளவு ஆசையாகச் செய்தான் தெரியுமா? வயலின் புது வண்டி மாதிரி மின்னியது.

தந்தி மாட்டும்போது ஜெயப்ரியாவின் முகம் சுருங்கியது.

கச்சேரியில் அவள் முதல் வில் போட்டதுமே திருமலைக்குத் தெரிந்துவிட்டது. சாத்திய கதவுக்கு வெளியே முப்பது வருஷம் கேட்ட சத்தம் இது இல்லை. சளி கட்டிய தொண்டை மாதிரி அடைத்துக் கிடந்தது. அவள் வேர்க்க வேர்க்க வாசித்தாள். கூட்டம் கை தட்டியது.

"ஒரு வருஷமா சும்மா கெடந்துச்சில்லண்ணா, அதான். வாசிக்க வாசிக்கச் சரியாயிரும்" என்றாள் ஜெயப்ரியா, அவன் முகத்தைப் பார்க்காமல். பொய் என்று இருவருக்கும் தெரியும்; அந்தத் தடித்த பூச்சுக்கு அடியில் பலகை இனி பழையபடி அதிராது.

பாகலூர் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் அம்மா சரோஜம்மாள், மடியில் வயலின் பெட்டி.

"அழுகையில எனக்கு ஒண்ணுமே காதுல விழலடா. உங்கப்பா வாசிச்சாப்பலயே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்ப அந்தப் புள்ளய மாசம் ஒருக்கா வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்லு சாமி. அந்தச் சத்தம் கேட்டாப் போதும், மிச்ச நாள ஓட்டிருவேன்."

திருமலை வண்டியை ஓரம் கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதான்.