ஒரு மூச்சில் ஒரு வரி

நிமோனியா வந்து போன பிறகு அவளுக்கு எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது, மூச்சைத் தவிர. மாடிப்படியில் தெரியாத குறை, லோ விசிலை வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். நேராகப் பிடித்து ஊதும் நீண்ட உலோகக் குழல் அது; குரல் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல இருக்கும். அவர்களுடைய நால்வர் குழு வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்றில், பதினாறு எண்ணும்வரை நீளும் ஒரு வரி அவளுடையது. இப்போது பத்திலேயே மூச்சு முட்டியது.

"அந்த வரியை நான் பாத்துக்கிறேம்மா," என்று வயலின்காரர் ஆதரவாகத்தான் சொன்னார். அதுதான் உறுத்தியது.

பிளம்பர் கணவனை இழுத்துக்கொண்டு வாத்தியக் கடைக்கு வந்திருந்தாள். குறைந்த மூச்சில் பேசும் குழல் கிடைத்தால் வரி அவளுக்கு, இல்லாவிட்டால் வயலினுக்கு.

"ஆறு ஓட்டையா!" கணவன் குழலைத் திருப்பிப் பார்த்தான். "நான் ஓட்டையை அடைச்சு பொழைக்கிறேன். நீ ஓட்டையை வச்சு ஊரைக் கூட்டுறே."

"கொஞ்சம் சும்மா இருங்க."

கடைக்காரப் பெண்மணி மூன்று குழல்களை எடுத்து வைத்தாள். முதலாவது பஞ்சுபோல லேசாக ஊத வந்தது, ஆனால் பதினொன்றில் மூச்சு தீர்ந்தது. அடுத்தது இன்னும் இலகு, ஒன்பதோடு சரி. மூன்றாவது முரண்டு பிடித்தது, காற்றை உதட்டுக்கே திருப்பித் தள்ளியது.

"இது வேண்டாம்பா. ஊதவே கஷ்டம்." பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள்.

"இரு, இரு. லேசா ஊதுறது ஏன் சீக்கிரம் தீருது?" கணவனுக்கு அது பிடிபடவில்லை. குழாய் மரைக்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பைப் பையிலிருந்து எடுத்து, ஒரு துண்டு கிழித்து, ஊதுமுனைக்குக் கீழே இருந்த திறப்பின் எதிரே பிடித்தான். முதல் குழலில் டேப் படபடவென்று ஆடியது. மூன்றாவதில் லேசாக நடுங்கியதோடு சரி.

"பாத்தியா? அது முழுசாத் திறந்த குழாய், இருக்கிறதையெல்லாம் கொட்டிடும். இது முறைக்கிறது உன்னை இல்ல, காத்தை."

"அண்ணன் சொல்றது சரிதான்," என்றாள் கடைக்காரி. "காத்து போற வழி இதுல ஒடுக்கம். ஆனா சத்தம் கம்மி, இப்பவே சொல்லிட்டேன்."

அவள் மூன்றாவதை மறுபடி எடுத்தாள். இந்த முறை அதோடு மல்லுக்கட்டாமல் ஊதினாள். பத்து தாண்டியது. பன்னிரண்டு. பதினாறு முடிந்தும் சிரிப்பதற்கு மூச்சு மிச்சமிருந்தது.

"வயலின் பக்கத்துல இது கேக்குமா?"

வாசல்வரை நடந்துபோய் நின்று கேட்டுவிட்டு வந்தான் கணவன். "நீ தனியா வாசிச்சா கேக்கும். அவரும் சேந்தா முங்கிப்போயிடும். பொய் சொல்ல மாட்டேன்."

அவள் குழலைக் கையில் உருட்டினாள். காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டாளே தவிர, அவளாக எதையும் கேட்டதில்லை. கைப்பேசியை எடுத்து வயலின்காரரை அழைத்தாள்.

"சார், அந்த வரி எனக்கே வேணும். அந்த இடத்துல மட்டும் நீங்க பாதி சத்தத்துல வாசிக்கணும்."

"பாதியா?"

"கால் பங்குன்னா இன்னும் நல்லது."

மறுமுனையில் சிரிப்பு. "சரி, திங்கட்கிழமை கொண்டு வா. கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டு இல்ல சார். குறைச்சுட்டுச் சொல்லுங்க."