பிரம்பு நுனி

"நீ எதுக்கும்மா வாத்தியாரம்மா ஆகணும்ங்கிறே?" என்று கன்னியர் மடத்து மதர் கேட்டார்.

பதில் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் கோயில் உபதேசியார் தேவசகாயம் உருப்போட வைத்துத்தான் அனுப்பியிருந்தார்: 'ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.' இதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் திண்டிவனம் டிரெயினிங் பள்ளியில் இடம். இடம் இல்லையென்றால் திங்கட்கிழமை அம்மாவோடு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிக்கு நடுவில், களை வெட்டவேண்டியதுதான். யுத்தகால விலைவாசியில் இன்னொரு வருஷம் உட்காரவைத்துச் சோறு போட முடியாது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் மதருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? கிருஷ்ணசாமி சார். எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது பெரிய பள்ளியில் தலைமை வாத்தியாராம், ஆள் எடுக்க அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், எங்களை அவர் கிட்டத்தில் பார்த்திருந்தால்தானே!

மேசைமேல் கிடந்த அவருடைய வலது கையைவிட்டு என் கண் நகரவில்லை.

"சேவை..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் அவர்.

பயமா? எனக்கா? அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கெட்டது.

"கோவத்துலதாங்க சார்" என்றேன்.

மதர் நிமிர்ந்து பார்த்தார். 'நிறுத்துடி சவுரி, பிழைப்பைக் கெடுத்துக்காதே' என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் கேட்டால்தானே.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சேரிப் பிள்ளைங்களுக்கு வாசலோட சரிங்க, மதர். சிலேட்டை வாசப்படியில வெச்சிட்டுத் தள்ளி நிக்கணும். வாத்தியாரு பிரம்பு நுனியால தப்பைத் தொட்டுக் காட்டுவாரு. அவரு கை எங்க சிலேட்டு மேல பட்டதே கிடையாது. சரி, அது பழகிப்போச்சி. ஒருநா என் தங்கச்சி ஜெயம் பள்ளிக்கூட வாசல்ல மல்லாட்டை தின்னுக்கினு இருந்தா. அஞ்சு வயசு. கொட்டை தொண்டையில மாட்டிக்கிச்சி. நான் குளத்துலேர்ந்து தண்ணி மொண்டுக்கினு வர்றேன். தூரத்துலயே தெரியுது, மூச்சு இல்லாம துடிக்கிறா, மூஞ்சி நீலம் பாரிச்சிப்போச்சி. வாத்தியாரு பக்கத்துலதான் நிக்கிறாரு. கையை நீட்டினாரு. நீட்டின கை பாதியில நின்னுபோச்சி. தெருவுல யாராவது பாக்குறாங்களான்னு திரும்பிப் பாத்தாரு. அப்புறம்..."

மேசைமேல் இருந்த கையை நேராகப் பார்த்தேன்.

"அப்புறம் பிரம்பை எடுத்து அதால அவ முதுகைத் தட்டினாருங்க. சாவுற குழந்தையை, பிரம்பு நுனியால."

அந்த வாத்தியார் பேரை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மேசைமேல் இருந்த கை மெல்ல நழுவி மடிக்குள் போய்விட்டது. மதர் அதைப் பார்த்தார்.

"நான் குடத்தைப் போட்டுட்டு ஓடியாந்து, அவ காலைப் புடிச்சித் தலைகீழாத் தூக்கி முதுகுல அறைஞ்சேன். கொட்டை வெளிய வந்து வுழுந்துச்சி. பிள்ளைங்க கிட்ட நிக்கிறவங்களுக்குக் கை இருக்கணும், மதர். எனக்கு இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்."

முடிந்தது. திங்கட்கிழமை களைக்கொட்டுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கிருஷ்ணசாமி சார் தலையை நிமிர்த்தவில்லை. ஜெயத்துக்கு அப்படி ஆன மாசமே விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனவர் அவர். அதற்கப்புறம் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தக் குழந்தை... இப்போ நல்லா இருக்குதா?" என்று மடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"இருக்கா. வெளிய புளியமரத்தடியில நிக்கிறா. கரியில ஓடுற பஸ்ஸுல என்னைத் தனியா அனுப்ப மாட்டேன்னு அம்மா அவளையும் கூட அனுப்பிச்சாங்க."

"உள்ளே கூப்பிடும்மா. நான் பாக்கணும்."

கூப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் அடங்கவில்லையே.

"நீங்க போய்க் கூட்டிக்கினு வாங்க சார். கையைப் புடிச்சி."

"சவுரியம்மாள்!" என்று மதர் அதட்டினார்.

சார் எழுந்தார். என்னைத்தான் வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஜெயம் மரத்தடியில் மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப் பிழைத்தாலும் அவள் மல்லாட்டையை விட்டவள் இல்லை. வேட்டியும் கோட்டுமாக ஒருவர் வருவதைக் கண்டதும் சட்டென்று நாலடி பின்னால் போனாள். யாரும் சொல்லாமலேயே அவளுக்கு அது வந்துவிட்டிருந்தது.

அவர் கையை நீட்டினார்.

பாதியில் நின்றது.

கேட்டுக்கு வெளியே ஜட்கா வண்டிக்காரர்கள். ஊர்க்காரர் இரண்டு பேர் குடையைச் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சார் திரும்பி அவர்களைப் பார்த்தார். "நீட்டுய்யா, நீட்டு" என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இடமும் மண்ணும் எனக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை.

கை நீண்டது. ஜெயத்தின் கையைப் பிடித்தது. அவள் பிடியிலிருந்த மல்லாட்டையெல்லாம் தரையில் சிதறியது.

அந்த வருஷமே எனக்கு இடம் கிடைத்தது. அது அப்புறம். அந்த நேரம் எனக்கு அழுகைதான் வந்தது. கோபம் போகவில்லை, அழுகையும் வந்தது.

பிடித்த கையை விடாமல் அவளை மேசை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெயம் என் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டாள்:

"அக்கா, இவரு கை ஏன்க்கா இப்டி நடுங்குது?"