எந்த டீக்கடையில் நின்றது பஸ்?

டிரைவர் தணிகாசலம் பதினோரு வருஷமாகப் பெரியபாளையத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்டவரை, கம்பெனியில் போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரி விஜயகுமார் நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்கேல், சுவரில் வரைபடம். மேஜைமேல் அவருடைய சாப்பாட்டு கேரியர். தினமும் கவரைப்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி அதை வாங்கி வருவதும் தணிகாசலம்தான்.

“வண்டியோட சராசரி வேகம் மணிக்கு முப்பத்தஞ்சுன்னு ஜிபிஎஸ் சொல்லுது. அளந்து பார்த்தா ஊருக்கு ஊர் பதினாலு கிலோமீட்டர். இருபத்தஞ்சு நிமிஷத்துல வரவேண்டிய வண்டி ஒரு மணி நேரம் எடுக்குது. எந்த டீக்கடையில நிக்கிறீங்க? திங்கக்கிழமையிலேருந்து வேற டிரைவர்.”

“எங்கியும் நிக்கல சார். ஓட்டிக்கினேதான் இருக்கறேன்.”

அந்த பஸ்ஸில் வரும் புவனேஸ்வரி, தாமதச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்து நின்றிருந்தாள். இயற்பியல் படித்துவிட்டு பேக்கிங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறோமே என்ற எரிச்சல் அவளுக்கு எப்போதும் உண்டு. இன்றைக்கு அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது. பெட்டி கட்டும் நூலை எடுத்து, பஸ் நுழையும் ஊர், திரும்பும் தெரு ஒன்றுவிடாமல் வரைபடத்தில் ஊசி குத்தி ஓட்டினாள். பிறகு அதை உருவி நீட்டி அளந்தாள்.

“நூல் முழுக்க முப்பத்தஞ்சு கிலோமீட்டர் சார். ஒரு மணி நேரத்துல வண்டி ஓடினது இவ்ளோ. இது சராசரி வேகம். கிளம்பின இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நேரா பதினாலுதான். அதே ஒரு மணி நேரத்துக்கு, சராசரி திசைவேகம் பதினாலு. நீங்க ரெண்டையும் கலந்துட்டீங்க. அண்ணன் ஓட்டறது பஸ்ஸு, காக்கா இல்ல.”

தணிகாசலத்துக்குத் தெம்பு வந்தது. “சாயங்காலம் வண்டிய ஊர்லயே கொண்டாந்து உட்டுர்றேனே, அப்போ?”

“கிளம்பின இடத்துக்கே வந்துட்டா நாள் முழுசுக்கும் திசைவேகம் சைபர்ணே.”

“பதினோரு வருஷம் ஓட்டி சைபரா!” நிஜமாகவே அவருக்கு மனசு வலித்தது.

“வண்டி ஓடற நேரத்துக்கு வேகம் அப்பவும் முப்பத்தஞ்சுதாண்ணே.”

போன உயிர் திரும்பியது. விஜயகுமாருக்குத்தான் தோற்க மனசில்லை. நூலை மறுபடி ஊசிகளில் மாட்டச் சொல்லி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். “இங்கே பாருங்க, உள்ளே போய் அதே வழியில திரும்புது. போக வர ஏழு கிலோமீட்டர் தண்டம்! யார் வீட்டுக்குப் போகுது வண்டி?”

தணிகாசலம் கேரியரைப் பார்த்தார். புவனேஸ்வரியும் பார்த்தாள்.

“உங்க ஊட்டுக்குத்தான் சார்.”

விஜயகுமார் ஸ்கேலை மெல்லக் கீழே வைத்தார். “திங்கக்கிழமையும் நீங்களே ஓட்டுங்க” என்றார்.

திங்கட்கிழமை பஸ் பன்னிரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. சோறு வடியும்வரை வீட்டில் காத்திருந்த விஜயகுமார், ஸ்கூட்டரில் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க அரைமணி நேரம் கழித்து வந்தார். கேட்டில் நின்றிருந்த தணிகாசலம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

“இன்னா சார், எந்த டீக்கடையில நின்னீங்க?”