இரண்டாக அறுத்த அலமாரி

வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஊர்ச் சந்தைகளில், ஸ்மாரோவின் காய்கறிக் கடை என் கடைக்கு இடப்பக்கம் இருக்கும். நான் பார்த்தெனா, காலுறையும் உள்ளாடையும் விற்கிறவள். பதினொன்றரை ஆனதும் அவள் ஏப்ரனை அவிழ்த்து என் மேசைமேல் போட்டுவிட்டு, "பார்த்தெனா, பாத்துக்கோடி" என்று சொல்லி, வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஒன்றரைக்குத் திரும்பி வருவாள். அந்த இரண்டு மணி நேரம் காலுறையோடு தக்காளியும் குடைமிளகாயும் விற்பது என் வேலை. இப்படி இரண்டு வருடம் ஓடியது.

அவள் புருஷன் லாசரோஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் பெரிய மண்வாரி எந்திரம் ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் வீட்டிலேயே வயிற்றில் ஒரு குழாய் வைத்துச் செய்துகொள்ளலாம் என்றார்கள். அவன் வீட்டைத் தேர்ந்தெடுத்தான். நாளைக்கு நான்கு தரம், வயிற்றில் இருக்கும் பழைய திரவம் தரையில் கிடக்கும் வெறும் பைக்குள் வடிய வேண்டும். பிறகு மேலே கொக்கியில் தொங்கும் பையிலிருந்து புதுத் திரவம் உள்ளே இறங்க வேண்டும். ஒவ்வொரு தரமும் முக்கால் மணி. சன்னலைச் சாத்தி, கையை முழங்கை வரை கழுவி, முகமூடி கட்டி, குழாய் முனையில் எதுவும் படாமல் மாட்ட வேண்டும். கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும். நர்ஸ் இரண்டு பேருக்கும்தான் சொல்லிக் கொடுத்தாள். லாசரோஸ், "என் கை நடுங்குது" என்றான். அதோடு அது ஸ்மாரோவின் வேலை ஆகிவிட்டது.

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. நடுவில் சந்தை. தராசில் மிளகாயை நிறுக்கும்போதே அவள் கண் மூடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர், "அம்மா, முள்ளு நின்னுருச்சு" என்று சொன்னால்தான் திடுக்கிட்டு விழிப்பாள்.

மே மாதத்தில் ஒருநாள் அவள் சொன்னாள்: "பெந்தெகொஸ்தேக்கு திங்கக்கிழமை லீவு வருதுல்ல, அவரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். வேன்லயே படுத்துக்குவோம். டாக்டரைக் கேட்டேன், தாராளமா போங்கன்னுட்டாரு."

"நீ மொதல்ல ஒரு நாள் தூங்குடி" என்றேன்.

"அவரு கடலைப் பாத்து மூணு வருஷமாச்சு. தினம் அதையே சொல்றாரு."

மூன்று நாளுக்குப் பையெல்லாம் பெட்டி பெட்டியாக எடுத்துப்போக வேண்டும். பெட்டி ஒன்று பன்னிரண்டு கிலோ. வேன் தரையிலோ வெங்காயச் சருகும் மண்ணும். அங்கே வைக்க முடியாது, வளைவில் பெட்டிகள் சறுக்கி மோதினால் பை கிழிந்துவிடும். பெட்டி வைக்க ஓர் அலமாரி வேண்டும், அதன் பக்கத்தில் கொக்கி மாட்ட ஒரு கம்பி வேண்டும். ஆனால் அலமாரி வேனிலேயே நிற்கவும் கூடாது. வேலைநாளில் அறுபது காய்ப்பெட்டிகள் ஏற்றியாக வேண்டும். ஆகவே கழற்றி மாட்டுகிற மாதிரி ஓர் அலமாரி.

அதை அவளே செய்தாள். சந்தை முடிந்து வந்து, மூன்றாம் பையைப் போடுவதற்கு முன் கிடைக்கும் நேரத்தில். நான் பலகையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். லாசரோஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். பழைய பீரோவின் கதவுகள்தான் பலகை. கனத்த மரம்.

"அந்த ஸ்க்ரூ கோணலா போகுது" என்றான் அவன்.

"நீங்க வந்து நேரா போடுங்களேன்."

"எனக்கு வயித்துல குழாய் இருக்கு."

"வாயில ஒண்ணும் இல்லையே. அதையாவது சாத்துங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, டிரில்லிங் மிஷினைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் வேலை நன்றாக வந்தது. கீழ்த்தட்டில் மூன்று பெட்டி, மேல்தட்டில் பையை வெதுவெதுப்பாக்கும் சின்ன மின்மெத்தை, முகமூடி, ஸ்பிரிட் பாட்டில். பெட்டிகள் சரியாமல் முன்னால் ஒரு விளிம்புச் சட்டம். வேனின் தரையில் சரக்குக் கட்டுவதற்காக இருக்கும் வளையங்களில் பட்டையைப் போட்டு இறுக்கினால் அலமாரி அசையாது. வேனில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. லாசரோஸ் எழுந்து வந்து அதைத் தட்டிப் பார்த்தான். "பீரோ மாதிரியே இருக்கு" என்றான் பெருமையோடு.

அங்கேதான் சிக்கல். பீரோவின் கனமும் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் சேர்ந்து உள்ளே வைத்துப் பார்த்தோம், கச்சிதமாக நின்றது. திங்கள் விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்பும்போது தனியாக வெளியே எடுக்க அவளால் முடியவில்லை. பட்டையை அவிழ்த்து, பாதி இழுத்து, கதவு விளிம்பில் சிக்கி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றுவிட்டது. எனக்கு போன் செய்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. இருவரும் தூக்கி இறக்கினோம். நாங்கள் சந்தைக்குப் போனபோது எங்கள் இடங்களில் முலாம்பழக்காரன் கடை விரித்திருந்தான். கடைசியில், கழிப்பறைப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது.

ஸ்மாரோ வேன் கதவில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த எள் ரொட்டி வளையத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். அழவில்லை. "கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "படுக்கணும் போல இருக்கு பார்த்தெனா. இங்கயே, இந்த ரோட்டுல" என்றாள்.

"பாதியா அறுத்துடு" என்றேன்.

"எதை?"

"அலமாரியத்தான். ரெண்டு துண்டா இருந்தா ஒவ்வொண்ணா தூக்கலாம்ல."

அன்று சாயங்காலமே அறுத்தாள். லாசரோஸுக்கு மனம் தாங்கவில்லை. "இவ்ளோ அழகா செஞ்சுட்டு யாராவது அறுப்பாங்களா?" என்று புலம்பினான். அவள் மின் ரம்பத்தை ஓடவிட்டாள், அவன் குரல் கேட்கவில்லை. பின்பலகையைக் கழற்றி எறிந்தாள். மேல்தட்டுக்கு மெல்லிய பிளைவுட் போட்டாள். வெட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு கால் வைத்து, நான்கு போல்ட்டால் இரண்டு பாதியையும் சேர்த்தாள். நட்டுகளெல்லாம் கையாலேயே திருகக்கூடியவை, ஸ்பேனர் வேண்டாம். மறுநாள் தனியாக எடுத்துப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் பிடித்தது. மூன்றாம் நாள் பத்து நிமிடம்.

சனிக்கிழமை சந்தை முடிந்ததும் போனார்கள். இனி சொல்வது அவள் எனக்குச் சொன்னது.

கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் வேனை நிறுத்தினாள். வழியில் ஒரு பெட்டிகூட அசையவில்லை. சாயங்காலப் பை, பத்து மணிப் பை, விடியற்காலைப் பை எல்லாம் வேனுக்குள்ளேயே நடந்தன. வீட்டில் பை கூடத்தில், மின்மெத்தை சமையலறையில், கொக்கி படுக்கையறைக் கதவில் என்று அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். இங்கே படுக்கையில் உட்கார்ந்தால் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காப்பி குடித்தார்கள். அவன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள், "அஞ்சு நிமிஷம் முதுகைச் சாச்சுக்கிறேன்" என்று படுத்தாள்.

கண் விழித்தபோது வெயில் வேனின் அந்தப் பக்கச் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. எழுந்து கதவைத் திறந்தாள்.

"மணி என்ன?"

"அஞ்சு" என்றான் லாசரோஸ். முகமூடி தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானப் பை!"

"போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"யாரு போடுவா? இங்க நானும் அந்தக் கடற்காக்காவும்தான் இருக்கோம். அதுக்கு முகமூடி சேரல."

அவள் நம்பவில்லை. உள்ளே ஓடினாள். வடிந்த பை வாய் கட்டித் தரையில் இருந்தது. அவன் சட்டையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தாள். மூடி சரியாக இருந்தது, சுற்றிலும் சிவப்பு இல்லை. அவன் கையைப் பிடித்து நீட்டச் சொன்னாள். கை நடுங்கவே இல்லை.

"உங்களுக்கு இது போடத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

அவன் கடலைப் பார்த்தான். "அந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தாளே, அப்பவே."

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"ஆரம்பத்துல நெஜமாவே நடுங்குச்சு ஸ்மாரோ. அப்புறம் நின்னுபோச்சு."

"நின்னுபோச்சுன்னா சொல்ல வேண்டாமா? தெனம் கடையைப் போட்டுட்டு ஓடி வந்தேனே. தராசுல தூங்கி விழுந்தேனே."

அவன் முகமூடியைக் கழற்றி மடித்தான். பிறகு சொன்னான்: "காலைல அஞ்சு மணிக்கு நீ போயிடுவ. நான் அந்த வீட்டுல ஒத்தையா உக்காந்திருப்பேன். பைக்காகத்தான் நீ மத்தியானம் வருவ. பை இல்லன்னா வரமாட்டியே."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். எவ்வளவு தூரம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் அவனை அங்கேயே விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாளாம். அப்புறம் அந்த வீட்டில் மத்தியானம் கடிகாரம் ஓடும் சத்தம் ஞாபகம் வந்ததாம். "ஆனாலும் கோவம் போகலடி" என்றாள் என்னிடம். "இன்னும் போகல."

திரும்பி வந்ததும் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "சாயங்காலப் பையையும் நீங்களே போடுங்க. நான் பாக்கறேன்."

அவன் போட்டான். கொக்கியில் பையை மாட்டுவதை அவளைவிட மெதுவாகத்தான் செய்தான், ஆனால் ஒன்றிலும் தப்பில்லை. மறுநாள் காலை அவள் வடிந்த பையைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்த்தாள். கலங்கியிருந்தால் எழுத்து தெரியாது, சீழ் என்று அர்த்தம். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. கால்பந்துச் செய்தி. அவனே பையின் வழியாக அதை உரக்கப் படித்துக் காட்டினான். அவள் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். அந்த மூன்று நாளில் அவள் கடலில் கால்கூட நனைக்கவில்லை, தூங்கியதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் பதினொன்றரை ஆனதும் அவள் கை தானாக ஏப்ரன் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்துவிட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கேட்டேன், "போகலையா?"

அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னாள், அதுவும் வாங்க வந்தவர்களுக்கு நடுநடுவே மிளகாய் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு. அவனோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அவள் போன் அடித்தது. லாசரோஸ்தான். பை போடும் முக்கால் மணி நேரமும் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசலாமா என்று கேட்டான்.

"என்னத்தப் பேசறது?"

"சந்தையில யாரு யாரு வந்தாங்கன்னு சொல்லு."

"குழாயை மாட்டும்போது பேசாதீங்க. மொதல்ல வாயை மூடிட்டு மாட்டுங்க" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. தக்காளிப் பெட்டிமேல் சாய்த்து நிறுத்தினாள். சந்தை இரைச்சலெல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவன், "மாட்டிட்டேன். அந்தப் பூசணிக்கா கத்துறது யாரு?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

இப்போதெல்லாம் சில நாட்களில் போன் பேசி முடித்ததும் அவள் வேனுக்குள் போய் அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி விரித்துப் படுத்துக்கொள்கிறாள். கதவு பாதி திறந்திருக்கும், அவளுடைய ரப்பர் காலணிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது தக்காளியின் விலையைக் கேட்டால் நான் குரலைத் தணித்துச் சொல்கிறேன்.